மாலதிக்காக அழுத அம்மா

காலையில் முக்கூடலிலிருந்து ஜங்ஷனுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள், "ஏட்டி, நேத்து எங்கம்மை மாலதிக்காக அழுதுகிட்டே இருந்தா, ராத்திரி சோறுகூடத் திங்கல" என்றாள்.

மாலதி உறவுக்காரப் பெண் அல்ல, டிவி தொடரில் வருபவள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு கல்லூரி, அதில் சில பிள்ளைகள். ஒருவன் சிகரெட் பிடிக்கிறான், ஒருவன் அப்பாவோடு பேசுவதில்லை, ஒருத்தி வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறாள். மாலதி பரீட்சையில் தோற்றதை வீட்டில் மறைக்கிறாள்.

"அழுதாள்லா? அந்தச் சூட்டோட நீயும் பெயிலுன்னு சொல்லிர வேண்டியதுதானே" என்றாள் தோழி.

"அதுக்குத்தான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். மாலதிய அவ அப்பா அடிக்கவும், 'பிள்ளைய ஏன்வே அடிக்கீரு'ன்னு எங்கம்மை டிவியப் பாத்து ஏசுதா."

"பொறவு என்ன பயம்?"

"டிவி பிள்ளைன்னா அடிக்கவன ஏசுவா. எனக்குன்னா அவளே வெளக்குமாத்தத் தூக்குவா."

"அப்பம் சொல்லவே இல்லயா?"

"விளம்பரம் வந்துச்சு. கண்ணத் தொடச்சுகிட்டே, என் பக்கம் திரும்பாம, 'உனக்கு எத்தன பாடம் போச்சு?'ன்னு கேட்டுட்டா."

"ஐயய்யோ. நீ என்ன சொன்ன?"

"ரெண்டுன்னேன்."

"அடிச்சாளா?"

"இல்ல. 'உம்'முன்னா, அவ்வளவுதான்."

"ஏட்டி, உனக்கு மூணுல்லா போச்சு?"

"மூணாவதச் சொல்லுததுக்குள்ள விளம்பரம் முடிஞ்சிட்டு."