கோயில் மணியில் வந்த டிரங்க் கால்

மாசிலாமணி: ...இதோ பாருங்க தம்பி, நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, இந்த சோடா பாட்டல்ல இருக்கிற கோலி எழும்பி வந்து என் தொண்டையில மாட்டிக்கட்டும். போதுமா?

தாண்டவராயன்: ஐயய்யோ, சத்தியமெல்லாம் எதுக்குங்க பெரியவரே? எதிர்க்க இருக்கிற டெலிபோன் ஆபீஸ்ல தையல்நாயகின்னு ஒரு பொண்ணாமே, எப்பிடிப்பட்ட பொண்ணுன்னுதான் கேட்டேன்.

மாசிலாமணி: அதுக்குத்தான் சத்தியம். அந்தப் பொண்ணப் பத்தி சத்தியம் பண்ணாம சொன்னா விழுப்புரத்துல எவனும் நம்பமாட்டான். ஆமா, நீங்க எந்த ஊரு?

தாண்டவராயன்: செஞ்சி.

மாசிலாமணி: செஞ்சிக்காரருக்கு எங்க தெருப் பொண்ணு எதுக்கு?

தாண்டவராயன்: எனக்கில்லீங்க. தெரிஞ்சவங்க ஒருத்தங்க... பையனுக்குப் பாக்கறாங்க. தரகர் ஜாதகம் கொண்டாந்தாரு, பொருத்தம் இருக்குது. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை விசாரிச்சிகினு வான்னாங்க.

மாசிலாமணி: விசாரிக்க வேண்டியதுதான். பையன் வூடு எப்பிடி?

தாண்டவராயன்: தங்கமானவங்க. ஒரே ஒரு கண்டிஷன். கல்யாணம் ஆயிட்டா பொண்ணு வேலைய வுட்டுடணும்.

மாசிலாமணி: ...அப்ப சோடாவக் குடிச்சிட்டு பஸ் ஏறுங்க.

தாண்டவராயன்: ஏங்க?

மாசிலாமணி: வேலைய வுடச் சொன்னா மாலையே வாணாம்னு அந்தப் பொண்ணு சொல்லிகினு இருக்குது. தெருவுக்கே தெரியும். அதத் தப்புன்னும் நான் சொல்லமாட்டேன். அது வுட்டுட்டா ஜில்லாவுல பாதி பேரு ஊமையாயிடுவான்.

தாண்டவராயன்: டெலிபோன்ல பிளக்கு சொருவுற வேலைதானே பெரியவரே?

மாசிலாமணி: சொருவறதா? அது சொருவறதே இல்லியே! சொல்லுங்க, இங்கேர்ந்து திண்டிவனத்துக்கு டிரங்க் கால் புக் பண்ணா என்னா ஆவும்?

தாண்டவராயன்: பஸ் ஏறிப் போயி, நேர்ல பேசி, சாப்ட்டு, திரும்பி வந்து ஒக்காந்தா... கால் வரும்.

மாசிலாமணி: இது சீட்ல இருந்தா அப்பிடி இல்ல. கண்ண மூடும். “திண்டிவனம்”னு மெதுவா ஒரு தடவ கூப்புடும். அங்க மணி அடிச்சிடும். வயரே வாணாம்.

தாண்டவராயன்: வயர் இல்லாமியா!

மாசிலாமணி: வயர் என்னா, போனே வாணாம். இங்க ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குப் புள்ள பொறந்துச்சு. மாமனாருக்குச் சேதி சொல்லணும். மாமனாருக்கு ஊரு பிரம்மதேசம், கோயிலுக்குப் பக்கத்து வூடு. போன் கெடையாது. தையல்நாயகி “இருங்க”ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடுச்சு. அங்க கோயில் மணி தானா அடிக்குது! கயித்த யாரும் தொடல. குருக்கள் ஓடியாந்து மணிக்குள்ளாற தலைய வுட்டு...

தாண்டவராயன்: வுட்டு?

மாசிலாமணி: “அலோ”ன்னாரு.

தாண்டவராயன்: யோவ் பெரியவரே!

மாசிலாமணி: “லைன்ல இருங்க”ன்னு பொண்ணு கொரலு. மாமனாரக் கூட்டியாந்து, அவரும் தலைய வுட்டுப் பேசனாரு. இன்னிக்கும் அந்தக் குருக்கள் காத வச்சிக் கேட்டுட்டுதான் மணி அடிக்கறாரு. உள்ள யாராவது பேசிக்கினு இருந்தா?

தாண்டவராயன்: கோலி தொண்டைகிட்ட வந்துடுச்சா பாருங்க.

மாசிலாமணி: வழுவழுன்னு எறங்குது. லைட்னிங் கால் தெரியுமா?

தாண்டவராயன்: தெரியாம என்னா? அவசரத்துக்குப் போடறது. எல்லாருக்கும் முந்திக் குடுப்பாங்க.

மாசிலாமணி: அது போட்டா நெசமாவே மின்னும். அதான் இந்தத் தெருவுல யாரும் மாடியில வடாம் காயவெக்கறதில்ல. கருகிடும்.

தாண்டவராயன்: ஹ! நான் திண்டிவனத்துல இத்தினி வருசமா இருக்கேன், மின்னி ஒண்ணும் பாத்ததில்லியே!

மாசிலாமணி: செஞ்சின்னீங்க?

தாண்டவராயன்: ...செஞ்சி... பொறந்தது.

மாசிலாமணி: சரி சரி. சோடா குடிங்க.

தாண்டவராயன்: சோடாக் கடை ஃபேன் வேற நின்னு போச்சு. வேர்த்துக் கொட்டுது. கரண்ட் எப்பங்க வரும்?

மாசிலாமணி: தையல்நாயகி இந்தப் பக்கமா நடந்தா வரும். மேல கேளுங்க. போன புயல்ல மயிலத்துக்கிட்ட கம்பமெல்லாம் படுத்துக்கிச்சு. வயரு ரெண்டு துண்டு. இது ஒரு முனைய எடது கையில, இன்னொரு முனைய வலது கையில புடிச்சிகினு நின்னுது. விழுப்புரம் பேசனது எடது கையில ஏறி, வலது கையில எறங்கி திண்டிவனம் போச்சு. ஊரு ரகசியம் பூரா அது ஒடம்புக்குள்ளாற ஓடுச்சு. எவன் வூட்ல சண்டை, எவன் வூட்ல சமாதானம்... ஒரு வார்த்தை வெளிய வந்திருக்குமா? எங்கிட்டயே சொல்லலியே!

தாண்டவராயன்: உங்ககிட்ட ஏன் சொல்லணும்?

மாசிலாமணி: ...தெருக்காரன் இல்லியா.

தாண்டவராயன்: இருங்க, இருங்க. அந்தப் புயலப்போ எங்க மண்டிக்கு ஒரு கால் வந்துச்சு.

மாசிலாமணி: மண்டியா?

தாண்டவராயன்: மல்லாட்டை மண்டி... வேர்க்கடலை யாவாரம்... தெரிஞ்சவங்களுது. மூட்டையெல்லாம் நனையுது, லாரி அனுப்புன்னு சேதி. ஊர்ல எல்லா போனும் செத்துக் கெடக்குது, எங்களுது மட்டும் அடிச்சுது! லாரி ஜல்தியா போயி ஒரு மூட்டை வுடாம தூக்கியாந்துச்சு. எப்பிடி லைன் கெடச்சுதுன்னு இன்னிக்கு வரிக்கும் எனக்குப் புரியல.

மாசிலாமணி: அன்னிக்கு யாரு டூட்டின்னு நெனக்கிறீங்க?

தாண்டவராயன்: ...பொண்ணு கொரலுதான். “பேசுங்க”ன்னு ஒரே வார்த்தை. அந்த இடியிலயும் பதறாத கொரலு.

மாசிலாமணி: நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீங்களேதான் சொல்றீங்க.

தாண்டவராயன்: வேற... வேற என்னா பண்ணும் அது?

மாசிலாமணி: கோட்டக்குப்பத்து அம்மா ஒருத்தங்க. மவன் துபாய்ல. ரொம்ப நாளா அவன் கொரலே கேக்கல. இங்க சொந்தக்காரங்க வூட்டுக்கு வந்தவங்க, தையல்நாயகியத் தேடி ஓடியாந்தாங்க. லைன் கெடச்சுது. “சாப்ட்டியாப்பா”ன்னாங்க. அவன் “சாப்ட்டேம்மா”ன்னான். அவ்ளோதான். அப்புறம் ரெண்டு பக்கமும் அழுகதான். மூணு நிமிசம் ஆச்சுன்னா கட் பண்ணணும். இது செவுத்துக் கடியாரத்தப் பாத்து ஒரு மொற மொறைச்சுது. முள்ளு நின்னுடுச்சு.

தாண்டவராயன்: நின்னுடுச்சா...

மாசிலாமணி: அந்தம்மா அழுது முடிச்சி, மூக்கச் சிந்தி, கூட இருக்கறவங்க நல்லவங்களா, தலைக்கு எண்ணெ வெக்கிறியான்னு எல்லாத்தையும் கேட்டு முடிக்கிற வரிக்கும் முள்ளு அசையல. அன்னிக்கு ஜங்ஷன்ல வண்டியெல்லாம் அங்கங்கியே நின்னுது. ஒருத்தரும் பேஜாரு பண்ணல.

தாண்டவராயன்: என் பையன் பம்பாய்ல இருந்தப்போ அவங்கம்மாவும் இப்பிடித்தான்... “சாப்ட்டியா”ன்னு கேட்டதோட கட்டாயிடும். அப்புறம் போனப் புடிச்சிகினு ஒக்காந்திருப்பா.

மாசிலாமணி: யாரு பையன்?

தாண்டவராயன்: ...போவட்டும் பெரியவரே, இனிமே மறைச்சி என்னா? நான்தான் பையனோட அப்பா. தாண்டவராயன். திண்டிவனம். அந்தக் கண்டிஷன் போட்டதும் நான்தான்.

மாசிலாமணி: அப்பிடிங்களா! நான் எதிர்பாக்கவே இல்லியே.

தாண்டவராயன்: அழுவறவங்களுக்காவ நேரத்த நிறுத்தற பொண்ண அடுப்பங்கரையில கொண்டாந்து நிறுத்தணுமா? மயிலம் முருகன் மேல ஆணை, அது வேலைய வுடக்கூடாது! திண்டிவனத்துலயும் டெலிபோன் ஆபீஸ் இருக்குது, மாத்திகினு வரட்டும். மழையா இருந்தா நானே கொடை புடிச்சிகினு கொண்டுபோயி வுடறேன்.

மாசிலாமணி: ஆணை ஆணைதானே? நாளைக்கு வூட்ல கேட்டுச் சொல்றேன்னு...

தாண்டவராயன்: முருகன் மேல சொல்லிட்டு மாறுவனா?

தையல்நாயகி: அப்பா! இங்கியா ஒக்காந்துகினு கத அளக்கறீங்க? சோத்தப் போட்டு வச்சிகினு அம்மா கூவறது தெருமுனை வரிக்கும் கேக்குது!

தாண்டவராயன்: அப்பாவா! யோவ்... ஏ, ஏ, ஃபேன் சுத்துது!

மாசிலாமணி: நடந்தா கரண்ட் வரும்னு சொன்னேனா இல்லியா, சம்மந்தி?

தையல்நாயகி: சம்மந்தியா? யாருப்பா இவுரு?

தாண்டவராயன்: உனக்கு மாமனாராவப் போறவன்மா. நீ வேலைய வுடவாணாம், ஆணையே வச்சிட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆசை. இன்னிக்கு டூட்டிக்குப் போனதும் எங்க மண்டிக்கு ஒரு லைட்னிங் கால் போடு. புயல் அன்னிக்குச் சொன்னியே, அதே மாதிரி “பேசுங்க”ன்னு சொல்லணும்.

தையல்நாயகி: புயல் அன்னிக்கா? எனக்கு வேலை கெடச்சதே இப்பத்தானுங்களே மாமா... திங்கக்கெழமதான் டிரைனிங்கே ஆரம்பம். போன்ல எந்தப் பக்கத்தக் காதுல வெக்கறதுன்னு கூட இனிமேத்தான் கத்துக்கணும்.