தோணி வரும்வரை

பெயர்: தங்கராசா சிவதர்ஷன். வயது: 31. தொழில்: பெயின்ட் அடித்தல். முகவரி: பாடசாலை வீதி, வவுணதீவு.

நான் மேற்படி முகவரியில் என் அக்கா கம்சாயினியுடன் வசிக்கிறேன். ஏழு வருடம் ஹெரோயின் பாவித்தேன். அதனால் மனைவி பிரிந்து போனார். அதன் பின்னர் நீதிமன்ற உத்தரவில் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து, சென்ற வருடம் மாசி மாதம் வீடு வந்தேன். கை சும்மா இருந்தால் பழைய இடத்துக்கே போகும் என்று அக்கா தன் பழைய கெமராவைத் தந்தார். அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் தெருவில் ஆட்களைப் படம் எடுத்து வருகிறேன். முன்பு என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிய மீன்காரர்கள் இப்போது "என்ன தம்பி, படத்துக்கு வெளிச்சம் காணுமா" என்று கேட்பார்கள். இன்றுவரை தூளைத் தொடவில்லை.

நேற்று வாவிக்கரையில் இறந்த விஜிதரன் குருக்கள்மடத்தைச் சேர்ந்தவர். என்னோடு ஒன்றாகப் பாவித்தவர். போன கிழமை சந்தையடியில் என்னைக் கண்டு, "மச்சான், என்னையும் ஒருக்கா எடன்" என்றார். கெமராவைப் பார்த்துக்கொண்டு நிற்பவரை நான் எடுப்பதில்லை. "நீ பாக்காத நேரம் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை 6.10 மணியளவில் நான் வாவிக்கரைக்குச் சென்றபோது, அவர் மீன் இறக்கும் இடத்துச் சுவரில் சாய்ந்து தலை தொங்க இருந்தார். அந்த இருப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படி நூறு தரம் இருந்து எழும்பியவன். அவரும் எழும்புவார் என்று நினைத்தேன். கிட்டப் போனால் அவர் பையில் தூள் மிச்சம் இருக்குமோ என்று என் கண் தேடும். அதற்குப் பயந்து இருபதடி தள்ளி நின்று முதற் படத்தை எடுத்தேன். அதன் பின்னர் தூரத்தில் ஒரு தோணி வருவதைக் கண்டு, அது அவர் தலைக்குப் பின்னால் வரும்வரை காத்திருந்து இரண்டாவது படத்தை எடுத்தேன். அதன் பின்னர் தோணியில் வந்த மீன்காரர் உசனார் காக்கா இறங்கி, அவரைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, இவருக்கு மூச்சில்ல" என்றார்.

பொலிசார் கெமராவை வாங்கி வைத்துக் காட்டியபோதுதான் படங்களைச் சரியாகப் பார்த்தேன். முதற் படத்தில் நேரம் 6.14. அவர் வலது கை முழங்காலில் இருக்கிறது. இரண்டாவதில் 6.23. கை மண்ணில் கிடக்கிறது. நடுவில் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் நான் தோணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படம் எதையும் அழிக்கவில்லை. கெமரா திரும்ப வேண்டுமா என்று சார்ஜன்ட் கேட்டார். வேண்டும் என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் நாளைக் காலை நான் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்த ஏதும் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. எல்லாம் உண்மை என்று கையொப்பம் இடுகிறேன்.

ஒப்பம்: த. சிவதர்ஷன்