எத்திராஜ் அண்ணனின் கால்

இடுப்பைப் பிடித்துக்கொண்டே மேடையேறிய எங்கள் தலைவர் ஞானசேகரன் அவர்களே! பாடியிலிருந்தும் வெள்ளானூரிலிருந்தும் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்த பெரியோர்களே! குடம் சுமந்து, குழந்தை சுமந்து, குடும்பமும் சுமக்கும் தாய்மார்களே! கம்ப்யூட்டர் முன்னால் கூனிக் குறுகும் தம்பி தங்கைகளே! உங்கள் அத்தனை பேரின் முதுகெலும்புக்கும் என் முதல் வணக்கம்!

ஏன் சிரிக்கிறீர்கள்? வலிக்காத முதுகு இந்தப் பந்தலில் உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள். அடடே, ஒரே ஒரு கை! தம்பி, தூக்கும்போதே முகம் சுளித்தாயே, பார்த்துவிட்டேன்!

நம் டில்லிபாபு, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். ஒரு நாள் குனிந்து தகட்டைத் தூக்கினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கே ஓடினார்? மருத்துவரிடமா? இல்லை! தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வரப் பிறந்த எத்திராஜ் அண்ணனிடம் ஓடினார்! அப்படிப் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விடும் என்று நம்புகிறவர்கள்தானே நாம்?

"அண்ணாத்தே, நல்லா ஒண்ணு உடு!" என்றார் டில்லிபாபு.

"பல்லக் கடிச்சிகினு நில்லு நைனா!" என்றார் எத்திராஜ்.

விட்டார் உதை! வலி விட்டதா? காலுக்கு இறங்கியது! பயந்துபோய்ப் படுத்தவர் படுத்தவர்தான். பெற்ற மகள் "தூக்குப்பா" என்று கையை நீட்டுகிறாள். தகப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். தாய்மார்களே, அதைப் பார்த்து எனக்கு நெஞ்சே வெடித்தது!

மனைவி காவ்யா விட்டாரா? இழுத்துக்கொண்டு போனார் டாக்டர் சபீனாவிடம். சோதித்துப் பார்த்த டாக்டர், "பயப்படாதீங்கண்ணா. படுத்தே கெடந்தா முதுகு இன்னும் இறுகிடும். கொஞ்சம் கொஞ்சமா நடங்க. இனிமே யாரையும் உதைக்க விடாதீங்க!" என்றார். கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் தடுமாறினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டும் என்றும் எச்சரித்தார். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்!

டாக்டர் சொன்னதைக் கேள்விப்பட்டு, மறுநாள் காலை டில்லிபாபு வாசலில் வந்து நின்றது யார்? எத்திராஜ் அண்ணன்!

"உதச்ச காலு சும்மாத்தான் கீது. எய்ந்து வா நைனா, ஏரிக்கரை வரிக்கும் போலாம்!"

முதலில் தெருமுனை, பிறகு மார்க்கெட், அப்புறம் ஏரிக்கரை! வலித்தது, நின்றார், மறுபடி நடந்தார்! இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எத்திராஜ் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கால்கள் உதைப்பதில்லை, டாக்டரிடம் காட்டிவிட்டு நடக்கக் கூட்டிப் போகின்றன!

வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்களே, எழுந்திருங்கள்! தலைவரே, நீங்களும்தான்! எழுந்தாயிற்றா? இப்போது திரும்பிப் பாருங்கள். பந்தலின் கடைசியில், மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் டில்லிபாபு!

எழுந்து நின்ற உங்களுக்கு நின்றபடியே நன்றி! வெள்ளானூர்க்காரர்கள் பஸ் ஸ்டாப் வரைக்குமாவது நடந்து போங்கள். வணக்கம்!