அழிக்காத அக்காவுக்கு, அஞ்சல்பெட்டி நிறைந்த அன்போடு

அன்பின் ஆழியே! அயராத அஞ்சல் அரசியே! மின்னஞ்சல் என்னும் மாகடலில் நாள்தோறும் மூழ்கி எழுந்தும் முகம் சுளிக்காத முத்தே! கொதித்து வந்த கடிதத்துக்கும் குளிர்ந்த சொல்லால் விடை கொடுத்த கோமகளே! எங்கள் வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவின் தலைவியாய்த் திகழ்ந்து, இன்று பணி நிறைவு காணும் பண்பின் பெட்டகமே! தங்களுக்கு எங்கள் கைகளும் மனங்களும் ஒருசேரக் குவிந்த வணக்கம்!

‘தங்கள்’ என்றுதான் தொடங்கினோம். அதற்குள் கை கூசுகிறது. கால் நூற்றாண்டாக “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்ட வாய்க்கு இந்த ஆடம்பரம் ஒட்டவில்லை. நீங்கள் என்றே சொல்லிவிடுகிறோம், அக்கா. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். கோபம் என்றால் என்னவென்று உங்களுக்கு எழுதியவர்களுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

மூச்சுக்குத் தவிப்பவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் மெஷினை விற்கும் இந்நிறுவனத்தில், மெஷினை விற்றவர்கள் நாங்கள். அதை வாங்கியவர்களின் மனிதராய் இருந்தவர் நீங்கள். குழாய் மடங்கிவிட்டது என்பவருக்கும், பெட்டி கிழிந்திருந்தது என்பவருக்கும், தூக்கம் வரவில்லை, சும்மா எழுதினேன் என்பவருக்கும் அன்றைக்கன்றே பதில் போட்டீர்கள். வந்த மடல் ஒன்றையும் அழிக்கவில்லை. அதனால்தானே ‘அழிக்காத அக்கா’ ஆனீர்கள்!

எங்கள் கணினிப் பிரிவு நண்பர், எதைக் கேட்டாலும் “ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்றே சொல்லி ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர் வாங்கியவர், மாதம் தவறாமல் உங்கள் மேசைக்கு வந்து கெஞ்சினார்.

“அக்கா, மெயில் பெட்டி ரொம்பி வழியுது. பழசையாவது அழிச்சிடலாமா?”

“இடம் பத்தலேன்னா இடம் வாங்கிக் குடுப்பா. மனுஷங்கள அழிக்கச் சொல்லாத.”

அழிக்கவில்லை என்றால் அடுக்கவாவது செய்தீர்களா என்றால், அதற்கும் தனி வழி. ஊர்வாரியாக அல்ல, தேதிவாரியாக அல்ல, சுபாவவாரியாக! உங்கள் கணினியின் மெயில் மென்பொருளைத் திறந்தால் இடப்பக்கம் வரிசையாக ‘பாவம், தனியா இருக்காங்க’, ‘ரெண்டு தடவை சொல்லணும்’, ‘சும்மா நலம் கேட்டவங்க’ என்று கோப்புறைகள். ஒரே ஒருவருக்கு மட்டும் தனிக் கோப்புறை. அதன் பெயர் ‘கோபக்காரர்’. தன் அப்பாவுக்காக மெஷின் வாங்கிய அந்த மகன், வாங்கிய நாள் முதல் வாரம் ஒரு சண்டை போட்டார். விளக்கக் கையேட்டின் எழுத்து சிறியது என்றார், சக்கரம் கிறீச்சிடுகிறது என்றார், நன்றி என்று நீங்கள் எழுதிய பதிலில் நன்றி குறைவாக இருந்தது என்றுகூட எழுதினார்! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்கள் மட்டும், “அப்பா மேல அவ்வளவு பாசம், வேற எங்க போய்க் கத்துவார்?” என்று சொல்லிவிட்டுப் பதில் தட்டினீர்கள்.

சிரித்த எங்களையெல்லாம் கதிகலங்க வைத்த காலை ஒன்று சென்ற ஆண்டு வந்தது.

காற்று குறைந்தால் கத்த வேண்டிய அலாரம், ஒரு வகை மெஷினில் கத்தாது என்று தொழிற்சாலை சொன்னது. வாங்கிய ஒவ்வொருவருக்கும் உடனே சொல்லியாக வேண்டும். யாருக்குச் சொல்வது? முந்தின வாரம்தான் புதிய மென்பொருளுக்கு மாறுகிறோம் பேர்வழி என்று வாடிக்கையாளர் விவரம் மொத்தத்தையும் தொலைத்துவிட்டு நின்றோம். பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் கண்ணை மூடிக் கிடப்பார், மெஷின் வாயை மூடிக் கிடக்கும்.

“எல்லாரும் ஏன் இப்படி நிக்கிறீங்க? அவங்க அத்தனை பேரும் என் பெட்டியிலதான இருக்காங்க!” என்றீர்கள்.

ரீஸ்டார்ட் ஓடி வந்து உங்கள் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தார். வந்து விழுந்தவர்கள் உங்கள் தையற்காரரும் பல் மருத்துவரும் மட்டும்தான். கால் நூற்றாண்டில் வேறு ஒரு முகவரியைக்கூட நீங்கள் சேமித்திருக்கவில்லை! மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அசரவில்லை. மடல்களின் தலைப்பகுதியிலிருந்தே முகவரியை உருவும் கருவி ஒன்றை நிறுவினார். ‘பாவம்’ முதல் ‘சும்மா’ வரை எல்லாக் கோப்புறைகளையும் தேர்ந்தார். அனுப்பியவர் முகவரியை மட்டும் எடுத்தார். இரட்டிப்பாய் வந்ததை நீக்கி அட்டவணைக் கோப்பாகச் சேமித்தார். அன்றைக்கு அவர் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் என்று சொல்லவில்லை என்பதை இந்த அவை அறியட்டும்.

“இதுல வாடிக்கையாளர் யாரு, மத்தவங்க யாருன்னு பிரிக்கணுமே அக்கா.”

“பிரிக்கிற நேரத்துல அனுப்பிடலாம். தெரியாதவங்களுக்குப் போனா என்ன, குடியா முழுகிடும்?”

ஒருவர் முகவரி மற்றவர் கண்ணில் படாதபடி மறை நகலில் போட்டு அனுப்பினீர்கள். ஆனால் அக்கா, அவசரத்தில் எந்த மெஷின் என்று எழுத மறந்துவிட்டீர்களே! ‘எங்கள் ஆள் வரும்வரை மெஷினை இயக்க வேண்டாம், உடனே மாற்று சிலிண்டருக்கு மாறவும்’ என்று மட்டும் போயிற்று. மெஷின் வாங்கியவர்களுக்கு நம் நிறுவனப் பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். நமக்குத் தாள் தருபவர் தன் நகலெடுக்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் கடை வாசலில் நம் ஆளுக்காகக் காத்திருந்தார். நம் மாமா, அதாவது உங்கள் வீட்டுக்காரர், சோப்பு நுரையோடு துணி மெஷினை நிறுத்திவிட்டு, “உன் ஆபீஸ் ஆளு எப்ப வருவாங்க? என் சட்டையெல்லாம் உள்ள கிடக்கு” என்று பதில் மடல் போட்டார். அந்த மடலையும் நீங்கள் அழிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

பதில்கள் மளமளவென்று வந்தன. விற்ற கணக்குக்குச் சரியாக எடுத்து வைத்த மாற்று மெஷின்கள் ஒவ்வொன்றாக வண்டியேறின. மதியம் கிடங்கில் ஒன்றே ஒன்று மட்டும் கேட்பாரற்று நின்றது. யாருடையது என்று நாங்கள் விழித்தபோது, உங்கள் முகம் வெளுத்தது.

“கோபக்காரர் இன்னும் கத்தலையே. இத்தனை பெரிய தப்புக்கு அவர் கத்தாம இருக்கவே மாட்டார். அவருக்கு மெயில் போய்ச் சேரலப்பா.”

தேடினோம். அந்த வாரம்தான் அவர் மின்னஞ்சல் முகவரியை மாற்றியிருக்கிறார். நம் மடல் திரும்பி வந்து, பதில்களின் வெள்ளத்தில் புதைந்து கிடந்தது. உடனே சொன்னீர்கள்: “சண்டைக்கு வர்றவங்க சாட்சிக்கு யாரையாவது கூட்டிட்டுத்தான் வருவாங்க. நகல்ல யாரையெல்லாம் போட்டிருக்கார்னு எடு.” அந்த ஒரு கோப்புறையை மட்டும், இம்முறை நகல் முகவரியையும் சேர்த்து, ரீஸ்டார்ட் உருவினார். எப்போதோ ஒரே ஒரு சண்டையில் நகல் பெற்றிருந்த ஒரு முகவரி வந்தது. அவருடைய தங்கை.

எழுதிய சூட்டிலேயே அந்தத் தங்கை தொலைபேசியில் வந்தார். “அண்ணனோட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லைங்க. ஆனா பக்கத்துத் தெருதான், இதோ ஓடுறேன்” என்றவர் இணைப்பைக்கூடத் துண்டிக்கவில்லை. அவர் ஓடும் சத்தத்தை உங்கள் மேசையைச் சுற்றி நின்று கேட்டோம். கதவு தட்டும் சத்தம். “அப்பா தூங்குறார், எழுப்பாத” என்ற ஆண் குரல். பிறகு, “தூக்கமில்ல அண்ணா, உதடு நீலமாயிருக்கு பாரு! சிலிண்டர எடு!” என்ற அலறல். பிறகு சிலிண்டரை இழுக்கும் சத்தம். நீங்கள் இதை எழுதும் என் கையைப் பிடித்திருந்தீர்கள், அக்கா. கிடங்கில் பெட்டி சுமந்து காய்த்த கை, அதுவே வலித்தது. வெகுநேரம் கழித்து மெலிந்த குரல் ஒன்று, “ஏன்டா ரெண்டு பேரும் அழறீங்க?” என்று கேட்டது. அலுவலகமே ஓவென்று கத்தியது. மேலாளர் ரீஸ்டார்ட்டைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்புச் சுடரே! ஆற்றலின் ஊற்றே! நோய் அண்டாமல், நூறாண்டு, மாமாவோடு மூச்சு முட்டச் சிரித்து நீங்கள் வாழ வேண்டும்! காலையில் கண் விழித்ததும் பதில் போட ஒருவரும் இல்லையே என்று ஏங்காதீர்கள். நாங்கள் எழுதுவோம், குறை சொல்லியே எழுதுவோம்!

விழாவை மாடி அரங்கில் வைக்காமல் ஏன் கிடங்கில் வைத்தீர்கள் என்று வாரம் முழுக்க எங்களைக் குடைந்தீர்கள். மூச்சு போதாத ஒருவரால் மாடிப்படி ஏற முடியாது, அதனால்தான். மூன்றாம் வரிசையில் மூக்கில் குழாயோடு அமர்ந்திருக்கும் பெரியவரை யாரோ ஒருவர் என்று எண்ணி இதற்குள் நீங்கள் ஒரு புன்னகை வீசியிருப்பீர்கள், உங்களை எங்களுக்குத் தெரியாதா! அவருக்கு ஒரு பக்கம் மகன். வருகிறேன் என்று எழுதிய மடலிலேயே, வண்டி நிறுத்தும் இடத்தை அழைப்பிதழில் போடவில்லை என்று நம்மைத் திட்டியவர். மறுபக்கம் மகள். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் சண்டையாகத்தான்.

இந்த மடலை உங்கள் கையில் தரப்போவது மேலாளர் அல்ல, அந்த அப்பாதான். கண்ணாடிச் சட்டத்தோடு கனமாக இருக்கும், வேண்டாம் என்றோம். “நான் தூக்குவேன்” என்று சொல்லிவிட்டார். எழுந்து வாருங்கள் அக்கா, அவர் எழுந்துவிட்டார்.

உங்கள் அன்பில் நனைந்த,
கிடங்கு, கணக்கு, கணினி, விற்பனைப் பிரிவுத் தோழர்கள் அனைவரும்,
மேலாளர் உட்பட