ஏழாவது கேள்வி

இல்லண்ணே, ஜெயில்ல எல்லாம் போட மாட்டாங்க. அத மொதல்ல மனசுல இருந்து எடுத்துருங்க. திவால்னு மஞ்ச கடுதாசி குடுக்கறவங்கள எல்லாம் உள்ள வெக்கறதா இருந்தா ஜெயிலுக்கு மேல இன்னும் நாலு மாடி கட்டணும். பொய் சொன்னாத்தான் வம்பு. இருக்கறத இல்லேன்னு எழுதறது, பொருள ஒளிச்சு வெக்கறது, அந்த மாதிரி. உண்மைய எழுதிட்டு கைய விரிச்சீங்கன்னா யாரும் உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கேவலமா பாப்பாங்க, அவ்வளவுதான். அது பழகிரும்.

அந்த சோபால உக்காராதீங்க. வேட்டி ஒட்டிக்கும். ரெக்ஸின் உரிஞ்சு உள்ள இருக்கற பஞ்சு வெளிய வந்துருச்சு, அதுல எத்தன பேரு வேர்வையோ. இந்தப் பெஞ்சுக்கு வாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்தப்பவும் இதே சோபா, இதே நாத்தம். திவாலாப் போறவன்கிட்டயே முன்பணம் வாங்கறாரு இந்த வக்கீலு, அதுல ஒரு சோபா மாத்தக் கூடாதா? அந்த குமாஸ்தாவப் பாருங்க. பேப்பர் வெட்டற கத்திரியில நகம் வெட்டிக்கிட்டு இருக்காரு. நாளைக்கு உங்க மனுவையும் அதுலதான் வெட்டுவாரு. ச்சீ.

ஆமாண்ணே, நான் ஏற்கனவே மஞ்ச கடுதாசி குடுத்து முடிச்சவ. எனக்குக் கடனெல்லாம் கிடையாது இப்ப. கோர்ட்டு எழுதிக் குடுத்துருச்சு. சுத்தமா இருக்கேன். சலவைக் கடை வெச்சிருந்தவளுக்கு அந்த வார்த்த பொருத்தம்தான்.

சலவைக் கடைதான், ஆமா. பெரிய மிஷின் மூணு. ஆஸ்பத்திரி போர்வை, லாட்ஜ் விரிப்பு, கோட்டு, ஸ்கிரீனு, எல்லாம் எடுப்பேன். நல்லாத்தான் போச்சு. லாட்ஜ்காரன் சொந்தமா மிஷின் போட்டான், ஆஸ்பத்திரிக்காரன் ஆறு மாசம் பில்ல இழுத்தடிச்சான், அவ்வளவுதான், கத முடிஞ்சது. ஊர்ல இருக்கறவன் எச்சியும் கறையும் எல்லாம் கழுவிக் குடுத்தேன், எனக்குன்னு வந்தப்ப எவனும் எட்டிப் பாக்கல.

வீடா? உங்க பேர்லயா, வீட்டுக்காரம்மா பேர்லயா? எப்ப மாத்துனீங்க? போன மாசமா. அண்ணே, அண்ணே. வக்கீல்கிட்ட அத மறைக்காம சொல்லிருங்க. கோர்ட்டுக்காரன் பின்னால திரும்பி வருஷக்கணக்கா பாப்பான். எது எப்ப யாரு பேருக்குப் போச்சுன்னு தோண்டுவான். பொண்டாட்டி பேர்ல மாத்துனது, தம்பி கையில குடுத்து வெச்சது, எல்லாத்தையும் திருப்பி இழுப்பான். நீங்க மட்டும் கண்டுபுடிச்ச தந்திரம்னு நெனச்சீங்களா? இங்க வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேரு அதப் பண்ணிட்டுத்தான் வர்றாங்க. சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. எனக்கு அதப் பாத்தாலே குமட்டும்.

எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. கட்டில், பாத்திரம், உடுத்தற துணி, புள்ளைங்க புஸ்தகம், இதெல்லாம் விட்டுருவாங்க. பொழப்புக்கான சாமானும் ஒரு அளவுக்கு விடுவாங்க. எனக்கு ஒரு இஸ்திரிப் பொட்டிய விட்டாங்க. மூணு மிஷின எடுத்துட்டு ஒரு இஸ்திரிப் பொட்டி. மகராசனுங்க. நீங்க என்ன தொழில்? தச்சு வேலையா, அப்ப உளி, ரம்பம் எல்லாம் பெரும்பாலும் தொட மாட்டாங்க. அந்தப் பெரிய இழைக்கற மிஷின் இருந்தா அது போயிரும்.

கோர்ட்டுல இருந்து சாமான் எழுத வந்தாரு ஒரு அதிகாரி. அந்தக் கூத்தக் கேளுங்க. மூக்குல கர்சீப்ப வெச்சிக்கிட்டு உள்ள வந்தாரு, என்னமோ நான் பொணம் கழுவற மாதிரி. ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல கூட வந்தவர் எழுதறாரு. கோட்டு பதினாலு, ஸ்கிரீன் முப்பத்தொண்ணு, கம்பளி ஒம்பதுன்னு. சார், அதெல்லாம் என்னுது இல்ல, வெளுக்கக் குடுத்தவங்களுதுன்னு நான் சொன்னேன். கடைக்குள்ள இருக்கறது கடையோடதுதான்மான்னுட்டாரு. மறுநாள் பதினாலு கோட்டுக்காரனும் வாசல்ல நிக்கறான். ஒருத்தனுக்கு அன்னிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையே வந்து நிக்கறான், என் கோட்டு எப்படிங்க உங்க சொத்தாச்சுன்னு. அப்புறம் வக்கீல் எழுதிக் குடுத்து, அடுத்தவன் பொருளு நம்ம கையில இருந்தா அது நம்ம சொத்து ஆகாதுன்னு நிரூபிச்சு, எல்லாம் திரும்பி வந்துச்சு. கல்யாணம் முடிஞ்சு பதினோரு நாள் கழிச்சு. அந்தப் பையன் இன்னிக்கும் என்னப் பாத்தா அடுத்த தெருவுல பூந்துருவான்.

சிரிங்க, சிரிங்க. உள்ள போனா சிரிப்பு வராது.

பேப்பர்ல போடுவாங்களான்னா, போடுவாங்க. எவனும் படிக்க மாட்டான். ஆனா சொந்தக்காரங்க மட்டும் அன்னிக்குன்னு பாத்து பூதக்கண்ணாடி வெச்சிப் படிப்பாங்க. புள்ளைங்க தலையில கடன் விழாது, அது உங்களோட போச்சு. அவங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகாது. அபராதம், ஜீவனாம்சம் இந்த மாதிரி சிலது மட்டும் அழியாது, அது தொரத்திக்கிட்டே வரும். வரி பாக்கி இருந்தா தனியா கேட்டுக்கங்க. மறுபடி கடன் வாங்கறதா? கொஞ்ச வருஷத்துக்கு எவன் குடுப்பான்? குடுத்தாலும் நான் திவாலானவன்னு வாயத் தொறந்து சொல்லித்தான் வாங்கணும். நான் ஒரு ஃபேன் தவணையில வாங்கப் போயி அதச் சொன்னேன். கடைப் பையன் ஃபேனத் தொடைச்சு உள்ள வெச்சிட்டான். நான் தொட்ட ஃபேன.

கடன் குடுத்தவங்க பட்டியல்ல ஒருத்தர விடாம எழுதுங்க. மளிகைக் கடையில இருந்து எழுதுங்க. வெக்கப்பட்டு சில பேர விட்டுருவாங்க. தெரிஞ்சவரு, நல்லவரு, அவருக்கு நான் தனியா குடுத்துக்கறேன்னு. அப்படியும் குடுக்கக் கூடாது. ஒருத்தருக்கு மட்டும் முன்னாடியே தீத்துட்டு மத்தவங்களுக்கு நாமம் போட்டா, குடுத்ததையும் போயிப் புடுங்குவாங்க.

நானா? நான் ஒரு வேலையா வந்தேன். இருக்கட்டும். நீங்க உங்க கேள்விய கேளுங்க.

தாள்ல எழுதியே வந்திருக்கீங்களா? நல்ல பழக்கம். நானும் அப்படித்தான் எழுதிக்கிட்டு வந்தேன், பில் புக்குக்குப் பின்னாடி. பதினோரு கேள்வி. ஒரு வாரமா யோசிச்சு யோசிச்சு எழுதினது.

கீழ போனவரு யாரு, ஜெராக்ஸ் எடுக்கப் போனாரே? மச்சினனா. வீட்டுக்காரம்மாவோட தம்பி. நல்ல மனுசன் போல. உங்க பைய அவருதான் தூக்கிட்டு வந்தாரு, மூணு மாடி. ஜெராக்ஸுக்கு நீங்க காசு எடுத்தப்ப வேணாம் மாமான்னு கையத் தட்டிட்டுப் போனாரு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

என்ன வேலைல இருக்காரு? மாசச் சம்பளமா. அப்ப பேங்குக்கு ரொம்பப் புடிக்குமே.

இல்ல, சும்மாதான் கேக்கறேன். உங்க கடன்ல எதுக்காவது அவரு கையெழுத்து போட்டிருக்காரா? ஜாமீன் கையெழுத்து.

சரி, சரி. என்னப் பாத்துத்தான் சொல்லுங்களேன், சுவத்த ஏன் பாக்கறீங்க? போட்டிருக்காரு. எத்தனைக்கு? பாதிக்கு மேலயா. ம்.

அந்தக் கேள்விய எழுதியிருக்கீங்களா தாள்ல? எத்தனாவது? மடிக்காதீங்க, நான் ஒண்ணும் புடுங்கிப் படிக்கப் போறதில்ல. எழுதலயா? வாயால கேட்டுக்கறேன்னு சொல்றீங்க. அவரு பக்கத்துல உக்காந்திருக்கறப்ப வாயால கேப்பீங்களா?

நான் எழுதியிருந்தேண்ணே. ஏழாவது கேள்வி. ஜாமீன் போட்டவங்களுக்கு என்ன ஆகும்னு, என் கையால, தெளிவா எழுதியிருந்தேன். எங்க அக்கா போட்டிருந்தா. மூணு மிஷினுக்கும். அவ ஆஸ்பத்திரியில நர்ஸு. மாசச் சம்பளக்காரங்க யாராவது கையெழுத்து போட்டாத்தான் கடன்னு பேங்குல சொன்னான், அவ ட்யூட்டி முடிஞ்சு யூனிபார்மோட நேரா வந்து போட்டா. எங்கடி போடணும்னு மட்டும்தான் கேட்டா.

அன்னிக்கு இங்க வர்றதுக்கும் நான்தான் கூப்புட்டேன். தனியா போக பயமா இருக்குக்கான்னேன். அர நாள் லீவு போட்டுட்டு வந்தா. அதோ அந்த ரூம்ல, வக்கீலுக்கு எதுத்தாப்புல, ரெண்டு நாற்காலி. நான் தாள வெச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா படிச்சேன். ஜெயிலு, வீடு, நகை, பேப்பர்ல வருமா, புள்ளைங்க படிப்பு. நான் பயந்து பயந்து கேக்கறதப் பாத்துட்டு அக்கா என் முதுக தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தா. ஆறாவது, கடைக்குக் குடுத்த அட்வான்ஸ் திரும்பி வருமான்னு கேட்டேன். பதில் சொன்னாரு. அடுத்து எட்டாவதப் படிச்சேன்.

இல்ல, கண்ணு தவறல. மறக்கவும் இல்ல. அந்த மாதிரி சொல்லி எத்தனையோ தடவ என்னையே ஏமாத்திப் பாத்தாச்சு, நீங்க எனக்குப் புதுசா எடுத்துக் குடுக்க வேண்டாம். ஏழாவதுக்குப் பதில் என்னன்னு எனக்குத் தெரியும். பேங்கு பத்திரத்துலயே போட்டிருந்தான். நான் தப்பிச்சுட்டா அவளப் புடிப்பான். கடன் என் தலையில இருந்து மட்டும்தான் போவும். கேட்டா வக்கீல் அதத்தான் சொல்லுவாரு, அக்கா அதக் கேப்பா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மனுவுல கையெழுத்து போடறது? அவ வேணாம்னு சொல்ல மாட்டா. அதுதான் கொடுமையே. அவ சரின்னுட்டா நான் கடைசி வரைக்கும் அதச் சுமக்கணும். அதனால தாவிட்டேன். ஒரு வரி. முதுகுல அவ கை இருந்துச்சு அப்ப.

நாப்பது நாள்ல அவளுக்கு பேங்குல இருந்து கடுதாசி வந்துச்சு. அப்புறம் சம்பளத்துல மாசாமாசம் புடிச்சான். அவ வீட்டுக்காரரு குதிச்சாரு. மக படிப்பு நின்னு போச்சு, அந்தப் பொண்ணு இப்ப ஒரு துணிக்கடையில நாள் பூரா நின்னுக்கிட்டு இருக்கு. பேங்குக்குக் கட்ட வெளிய வட்டிக்கு வாங்கினா, வெளிய கட்ட இன்னொரு இடத்துல வாங்கினா. நான் மட்டும் சுத்தம். கோர்ட்டு முத்திர குத்திக் குடுத்த சுத்தம். அந்தக் காயிதத்த வீட்ல வெச்சிருக்கேன், பாத்தா வாந்தி வருது. அதோ நகம் வெட்டறாரே, அவரப் பாத்து ச்சீன்னு சொன்னேன்ல. அவரு என்னண்ணே பண்ணாரு பாவம்.

வக்கீல் மேல தப்புன்னு சொல்றீங்களா? அவரும்தான் கேட்டிருக்கலாம். ஆனா கூட வந்தவ ஜாமீன்காரின்னு அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா, துணைக்கு வந்திருக்காங்கன்னு சொன்னேன். துணைக்கு.

கேட்டுட்டா என்ன ஆயிரும்னு கேக்கறீங்களா? ஒண்ணும் பெருசா ஆகாது. கடன் அப்படியேதான் இருக்கும். ஆனா அவளுக்கு ஒரு மாசம் கெடச்சிருக்கும். பேங்குல போயி பேசியிருப்பா, தவணையக் கொறைக்கச் சொல்லியிருப்பா. ரெண்டு பேரும் சேந்து மனு குடுக்கலாமான்னு கூட கேட்டிருக்கலாம். என்னத் திட்டியாவது இருப்பா. ஒரு அற விட்டிருந்தா கூட நான் இன்னிக்கு நிம்மதியா சோறு திம்பேன்.

செருப்புச் சத்தம் கேக்குது, உங்க மச்சினனாத்தான் இருக்கும். மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுறாரு, இன்னும் ஒரு மாடி இருக்கு. அவரு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். எதுக்கு வந்தேன்னு அப்பவே கேட்டீங்கல்ல.

உள்ள இருக்கறது எங்க அக்காதாண்ணே. இன்னிக்கு அவ மனு. நானும் உள்ள வர்றேன்னேன். வேணாம்டி, நீ வந்தா அழுவ, வெளிய உக்காருன்னுட்டா. காலையில பஸ்ல ஒரு தாளும் பேனாவும் எடுத்து என் மடியில வெச்சா. என்னென்ன கேக்கணும்னு நீயே எழுதிக் குடு, உனக்குத்தான் அனுபவம் இருக்குன்னா. பஸ்ஸு குலுங்குது, நான் எழுதறேன், ஜெயிலு, வீடு, நகைன்னு. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வந்தவ சொல்றா, பாவம்டி நீ, ஜாமீன் போட்டவளப் புடிப்பாங்கன்னு அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சிருந்தா வக்கீல்கிட்ட கேட்டிருப்ப, இல்ல?

நான் எழுதறத நிறுத்தல. ஆமாக்கா, கேட்டிருப்பேன்னேன்.