சட்டத்தில் ஒரு வரி கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ஹமீது சுல்தான் அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் பாம்பனிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, என்னோடு பணியாற்றும் நண்பர்களே, அனைவருக்கும் உக்கிரபாண்டியின் வணக்கம்.

செயல்முறை மருத்துவர் லிண்டா அம்மையார் மறைந்து பதினாறு நாள் ஆகிறது. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இங்கே நின்று மூக்கைச் சிந்தினால் அவருக்குப் பிடிக்காது.

பதினோரு ஆண்டு அவர் கேட்டது என்ன? பதவியா? பட்டமா? சட்டத்தில் ஒரு வரி! மருத்துவம் சார்ந்த பணிகளுக்கான சட்ட வரைவில் எல்லோருக்கும் பெயர் இருந்தது. செயல்முறை மருத்துவர்களான நமக்கு இல்லை. ‘இதர’ என்ற சொல்லுக்குள் நம்மை அடைத்திருந்தார்கள். பெயர் இல்லையென்றால் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லையென்றால் பக்கவாதம் வந்தவர் மதுரைக்குத்தான் ஓட வேண்டும்.

முதல் மனுவை எழுதியவன் நான். கெடுத்தவனும் நானே. நம் செயல்முறை மருத்துவத்தின் ஆங்கிலப் பெயரான ‘ஆக்குபேஷனல் தெரபி’யை அப்படியே ‘தொழில் சிகிச்சை’ என்று தமிழாக்கிவிட்டேன். மனு சுற்றிச் சுற்றித் தொழில்துறைக்குப் போய், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான படிவத்தோடு திரும்பி வந்தது. எனக்கு மானம் போயிற்று. அம்மையாரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்ன சார், நம்மளக் கடை தொறக்கச் சொல்றாக. இந்தப் படிவத்தக் கிழிச்சிராதீக. சட்டத்துல பேரு இல்லாதவுக கதி என்னன்னு காட்ட இதவிட வேற என்ன வேணும்?”

அந்தப் படிவத்தைத்தான் சட்டமன்றக் குழுவின் முன் முதலில் நீட்டினார். குழுவில் ஒருவர் கேட்டார்: ‘பிசியோதெரபி’ செய்யும் இயன்முறை மருத்துவர் இருக்கும்போது நீங்கள் எதற்கு? அம்மையார் தம்மிடம் சிகிச்சை பெற்ற பாம்பன் மீனவர் சந்தியாகு அண்ணனைப் பேசச் சொன்னார்.

“அய்யா, வாதம் வந்து விழுந்த கைய அசைய வச்சது ஒருத்தரு. அவரக் கும்பிடுறேன். அசைஞ்ச கையால சட்டைப் பொத்தான் போட, கிழிஞ்ச வலையப் பொத்தப் பழக்குனது இந்தம்மா. ரெண்டும் ஒரே வேலைன்னா, கை அசைஞ்ச பொறவும் ஒரு வருசம் என் பொண்டாட்டி ஊட்டி நான் ஏன் சோறு தின்னேன்?”

இதற்கு மேல் என்ன வாதம் வேண்டும்? அந்த வரி சட்டத்தில் ஏறியது. ஏறிய அன்று அம்மையார் சங்க அலுவலகத்தில் எங்களுக்கு அல்வா வாங்கித் தந்தார். அந்த மகிழ்ச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்கு அது போதும்.

ஆனால் தோழர்களே, வேலை முடியவில்லை. எந்த மருத்துவமனைக்கு எத்தனை பேர் என்று சொல்லும் விதிகள் இன்னும் வரவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம். அம்மையார் போக இருந்தார். நான் போகிறேன். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அவருடைய கோரிக்கையில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்க மாட்டேன். இது இந்த மன்றத்தில் நான் தரும் வாக்கு.

விதிகள் வந்த பின் ஒரு நாள் இந்த மாவட்டத்துக்கு முதல் நியமன ஆணையோடு ஒரு பெண் வந்து சேருவார். கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக நோயாளியிடம் போவார். லிண்டா யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. யாரிடமும் கெஞ்சாமல் அவர் வேலைக்கு வந்தால் போதும் என்றுதான் லிண்டா அம்மையார் பதினோரு ஆண்டு கெஞ்சினார்.