ஏழாவது மலைக்கு ஒரு பட்டாளத்துப் பை

செங்கோடன்: இந்தத் தண்ணிக் குப்பியில தண்ணிய ஊத்து பாய், ஊத்து. கவுத்துப் புடிச்சுப் பாக்காம வாங்கற ஆளு நானில்ல.

ஜபருல்லா: கவுண்டரே, பட்டாளத்துச் சாமானுங்க இது. சண்டை முடிஞ்சு ஏலத்துல எடுத்தது. ஒழுகுனா சிப்பாய் தாகத்துலயே செத்திருப்பான்.

செங்கோடன்: அவஞ் செத்துத்தான உன்ற கடைக்கு வந்திருக்குது!

சின்னாத்தாள்: ஏனுங்க, செத்த சும்மா இருங்க. பாய், இது தக்கை போட்டது, வேண்டாம். திருகு மூடி இருக்கறதக் காட்டுங்க. மூடிய சங்கிலியில கோத்திருக்கோணும்.

செங்கோடன்: தக்கைக்கு என்ன கேடு?

சின்னாத்தாள்: மேல அடிக்கறது பேய்க்காத்துங்க. கை வெறைச்சுப்போகும். தக்கை நழுவி உழுந்துதுன்னா...

செங்கோடன்: கேட்டயா பாய்! வெள்ளியங்கிரி மலைய இவ அளந்து வெச்சவளாட்டப் பேசறா.

சின்னாத்தாள்: நாலு பேரு சொல்லக் கேட்டதுதானுங்க...

ஜபருல்லா: ஓ, வெள்ளியங்கிரிக்கா! போன வருசமும் போறேன்னு சொன்னீங்களே?

செங்கோடன்: அதெதுக்கு இப்ப? திருகு மூடிக் குப்பிய எடு பாய்.

சின்னாத்தாள்: போனாருங்க. சுரைக்குடுக்கை பாறையில பட்டு ஒடைஞ்சுபோச்சு. நாலாவது மலையில நாக்கு வறண்டு திரும்பிட்டாரு. இவரு பங்காளி மருதாசலம் அதையே சந்தையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு.

செங்கோடன்: ஊட்டுச் சங்கதியெல்லாம் கடையில கொட்டோணுமாக்கும்! இந்தச் சித்திரையில ஏழாவது மலைய மிதிச்சே தீருவேன். இத உட்டா இந்த மொழங்காலு இன்னொருக்கா ஏறாது. பைய எடு பாய்.

ஜபருல்லா: இந்தாங்க. ஒத்தத் தோள்ல மாட்டறது. பாரமே தெரியாது.

செங்கோடன்: இதே போதும்.

சின்னாத்தாள்: போதாதுங்க. கடைசி மலையில கையையும் ஊணித்தான் ஏறோணும். ஒத்த வாருன்னா முன்னால சரிஞ்சு மொழங்கால இடிக்கும். ரெண்டு வாரு வெச்சதக் குடுங்க பாய். தோல் வாரு ஆகாது, சாமி மலை.

ஜபருல்லா: நாடா வாரு இருக்குதுங்கம்மா. பாருங்க!

செங்கோடன்: பாத்தாப் போதுமா? உன்ற எடைக்கல்லு அத்தனையும் உள்ள போடு.

ஜபருல்லா: எடைக்கல்லா!

செங்கோடன்: போடுன்னா போடு. ம்... முதுகுல ஏத்து. அட... கொழந்தையாட்டம் ஒக்காந்துக்கிச்சே!

ஜபருல்லா: இப்பவாச்சும் நம்பறீங்களா?

செங்கோடன்: பைய நம்பறேன். உன்னைய எதுக்கு நம்போணும்? ஆனா பாரு... மூச்சடைச்சு நின்னா தண்ணி எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணுமே.

சின்னாத்தாள்: நான் வாரேனுங்க.

செங்கோடன்: நீயா!

ஜபருல்லா: வயசுப் பொண்ணுங்கதான் அந்த மலை ஏறக்கூடாது. வயசான அம்மாக்களுக்குத் தடையில்லீங்களே, கவுண்டரே.

செங்கோடன்: தடையில்ல. காலு இருக்கோணுமல்ல? வரப்பு ஏறுனாலே மூச்சு வாங்கறவ. மொத மலையிலயே ஒக்காந்துக்குவா. ஏம்புள்ள, அந்த மலை எந்தத் தெசைன்னாவது உனக்குத் தெரியுமா?

சின்னாத்தாள்: தெரியுமுங்க. மாசியில பொள்ளாச்சிக்கு, தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுப் போனேனல்லங்க... போனது பூண்டி அடிவாரத்துக்கு. ஏழு மலையும் ஏறி, உச்சியில உங்க பேருக்குஞ் சூடம் பத்த வெச்சுப்போட்டுத்தான் எறங்குனேன். அந்தப் பைய இப்படிக் குடுங்க. நான் தூக்கிக்கறேன், நீங்க பின்னால வாங்க.